வெளியிலிருந்து மூன்று தட்டு

நாற்பத்தைந்து நிமிசம் வேலை, பத்து நிமிசம் ஓய்வு.
அந்தப் பத்து நிமிசத்துக்குள்தான்
அம்பகாமக் காட்டு விளிம்பில், தறப்பாளின் கீழ்,
முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
நாங்கள் ஆறு பெண்கள்
ஒரு விண்கலத்தைக் காப்பாற்றுகிறோம்.

'நிழற்கோள்', மூன்றாவது சீசன்.
சனிக்கிழமை இரவு கடைசி எபிசோட்.
போன கிழமை முடிந்த இடம் இது:
மிஞ்சிய நால்வரும் சாப்பாட்டு மேசையில்.
வெளியே காற்றில்லை, ஒளியில்லை, ஊரில்லை.
கலத்தின் தகட்டில்
வெளிப்பக்கமிருந்து யாரோ
மூன்று தரம் தட்டுகிறார்கள்.
கறுப்புத் திரை. பெயர்கள் ஓடுகின்றன.

தட்டியது கப்டன்தான் என்கிறாள் பிரவீணா,
இருபது வருசம் கழித்து வரப்போகிற கப்டன்,
உள்ளே இருக்கிற தன்னைத் தானே எச்சரிக்க.
சிவாஞ்சலிக்கு அது சரிவராது.
கலம் பூமியை விட்டே கிளம்பவில்லையாம்,
எல்லாம் ஒரு மண்டபத்துக்குள் நடக்கிற பயிற்சியாம்,
தட்டுறது மண்டபம் கூட்ட வந்த ஆளாம்,
"அஞ்சு மணியாச்சு, பூட்டவேணும்" எண்டு.
இதற்கே இரண்டு நாள் சிரித்தோம்.
மேரிக்கிளெற் அக்கா, எங்கள் சுப்பர்வைசர்,
ஒரு எபிசோட்கூடப் பார்க்காதவ,
தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னா:
"கல்லாயிருக்கும்."

கோகிலவதனி பேசாமல் கைபேசியை நீட்டினாள்.
எட்டாவது எபிசோட், நாற்பத்தோராம் நிமிசம்,
நிறுத்திவைத்த படம்.
யன்னல் மூலையில் ஒரு வெளிச்சக் கீறல்.
"இது கையுறை. இது சுண்டுவிரல், மடங்கியிருக்கு பார்.
ரெண்டாம் சீசனில கயிறு அறுந்து போன
இஞ்சினியரின்ர கை.
உடம்பை ஒருத்தரும் காணேல்லைத்தானே."

நான் படிக்கிற காலத்தில் கணக்கில் கெட்டிக்காரி.
ஒட்சிசன் ஆறு மணித்தியாலம் என்றேன்.
அவன் போய் மூன்று வருசம் என்றேன்.
அந்தக் கீறல் கமராவின் லைற் என்றேன்.
நடிகன் வேறு நாடகத்துக்குப் போய்விட்டான் என்று
மேலதிகமாகவும் ஒரு போடு.

வாயை மூடிய பிறகுதான்
யாருக்குச் சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது.

அவளின் அம்மா, கிளிநொச்சியில், வீதியோரக் கொட்டிலில்
பத்திரிகைப் படமொன்றை பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருக்கிறா.
படத்தில் ஒரு பஸ்.
பின் யன்னலில் ஒரு காது.
சரியாகச் சொன்னால், அரைக் காது.
அது தன்ர சுதர்சனன் என்று அவ சொல்லும்போது
அங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை.

விசில்.
என் பாதை ஒரு மீற்றர் அகலம்.
கருவி கத்துகிற இடத்தில் மண்டியிடுகிறேன்.
கத்தல் ஒவ்வொன்றுக்கும் நாக்கில் ஓர் ஊகம் வரும்:
சோடா மூடி, சயிக்கிள் கம்பி, மீன்ரின். அல்லது.
கம்பியைச் சரித்து, விரலளவு விரலளவாய்
மண்ணைக் கேட்கவேண்டும்.
கடைசி எபிசோட் இங்கே
ஒரு நாளைக்கு நாற்பது தரம் ஓடும்.
இன்று இரண்டு ஆணி, ஒரு தேக்கரண்டி,
குடைக் கம்பி.

சுரண்டிச் சுரண்டி ஒட்சிசன் தேடினேன்.
முதலாம் சீசனில் கழற்றிவிட்ட சரக்குப் பெட்டகம்
அதே பாதையில்தான் மிதந்தது.
உள்ளே ஐஸ்.
ஐஸைப் பிரித்தால் மூச்சு வரும் என்று
இஞ்சினியரே சமையல்காரனுக்கு விளங்கப்படுத்துகிற காட்சி,
ஐந்தாவது எபிசோட்டில்,
எல்லாரும் ஓட்டிவிட்டுப் பார்க்கிற இடம்.

அடுத்த பத்து நிமிசத்தில் இதைச் சொன்னேன்.
"அப்ப சாப்பாடு?" சிவாஞ்சலி விடவில்லை.
"பெட்டகத்தில விதை இருந்திருக்கலாம்."
"விதைச்சு, முளைச்சு?"
"மூண்டு வருசம் கிடக்கு, முளைக்காதே?"
கோகிலவதனி ஒன்றும் சொல்லவில்லை.
படத்தை இரண்டு விரலால் பெருப்பித்தாள்,
பெருப்பிக்கப் பெருப்பிக்க
அது வெறும் சதுரங்களாய் உடைந்தது,
பிறகு மெல்லச் சிறுப்பித்தாள்.

மேரிக்கிளெற் அக்கா எழும்பி
விசிலை வாய்க்குக் கொண்டுபோனா.
ஊதவில்லை.
"எத்தினை தரம் தட்டினது எண்டனீங்கள்?"
"மூண்டு."
"கல்லெண்டால்
ஒருக்காத்தான் தட்டும்" என்றா.